சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிளகாய்

சுவர்ச்சலாவின் முகம் கிருபாகருக்கு அத்துப்படி. நெற்றிக்கும் கன்னத்துக்கும் நிறத்தில் எவ்வளவு வித்தியாசம், கோபம் வந்தால் காது நுனி எந்தச் சிவப்புக்குப் போகும், கோனசீமாவின் தென்னை நிழலில் அவள் கழுத்தில் எவ்வளவு பச்சை ஏறும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். ஆனால் அவளை ஒரு தடவைகூட வெயிலில் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

அவன் சினிமாக் கலரிஸ்ட். எடுத்துக்கொண்டு வந்த படத்துக்கு நிறம் சரிசெய்கிற வேலை. ஹைதராபாத்தில், யூசுப்குடாவில் ஒரு மூன்றாவது மாடி. ஜன்னலே இல்லாத அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறம். நிறத்தைப் பார்க்கிற கண்ணுக்கு வேறு நிறம் ஆகாது என்று அப்படிப் பூசி வைத்திருந்தார்கள். ஊரே வெயிலில் வதங்கிக்கொண்டிருக்கும்போது, இந்த மனிதன் ஏ.சி. குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, யாரோ எடுத்த வெயிலுக்கு மஞ்சள் போதுமா போதாதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பான். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ராஜமகேந்திரவரத்தில் அவன் அக்கா பெண் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், “உனக்கு மனுஷி வேணாம்டா, மானிட்டர் போதும்” என்று கையைக் கழுவிவிட்டாள்.

படப்பிடிப்பில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கேமரா உதவியாளர் ஒருவர் கட்டம் கட்டமாக நிறங்கள் அடித்த ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குச் சார்ட் என்று பெயர். அட்டையில் இருக்கிற சிவப்பு திரையிலும் அதே சிவப்பாகத் தெரியும்படி திருத்திவிட்டால், அந்த ஷாட்டின் மற்ற நிறங்கள் தானாக வழிக்கு வந்துவிடும். அப்புறம் சார்ட் வருகிற துண்டை வெட்டிப் போட்டுவிடுவார்கள். அதைத் தயாரிப்பாளர் பார்க்க மாட்டார், ஹீரோ பார்க்க மாட்டார், டிக்கெட் எடுத்தவர்கள் பார்க்கவே மாட்டார்கள். கலரிஸ்ட் ஒருவன்தான் பார்ப்பான்.

வர்மா அவர்கள், ஆந்திர மரியாதையில் வர்மா காரு, ஒளிப்பதிவு செய்த ஒரு படத்தில் சார்ட் பிடித்தவள் சுவர்ச்சலா.

முதல் ஷெட்யூல் குண்டூர் மிளகாய்க் களத்தில் நடந்தது. கிருபாகர் அனுப்பிய முதல் திருத்தத்தில் மிளகாய் எல்லாம் கேரட் மாதிரி வந்துவிட்டது. வர்மா காரு போனில் வறுத்து எடுத்தார். மறுநாள் வந்த ஷாட்டில் பார்த்தால், சார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த மிளகாயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் நிற்கிறாள். லென்ஸைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். ‘இதுதான் ஐயா மிளகாய், ஜென்மத்தில் பார்த்ததில்லையா?’ என்று கேட்கிற புருவம். கிருபாகருக்கு முதலில் சுர்ரென்று வந்தது. பிறகு தன்னையறியாமல் சிரித்துவிட்டான். அந்த மிளகாய் மிளகாயாகும் வரை விடாமல் திருத்தி அனுப்பினான். அடுத்த நாள் சார்ட்டுக்குப் பின்னாலிருந்து அவள் கட்டைவிரல் மட்டும் மேலே எழுந்து நின்றது.

அன்றிலிருந்து தொடங்கியது. ஒரு நாள் செண்டுமல்லிப் பூ, ஒரு நாள் பாதி கடித்த கொய்யா, இன்னொரு நாள் யூனிட் சாப்பாட்டில் போட்ட புளிச்சக்கீரைக் கோங்கூரா ஒரு கரண்டி. கோங்கூராவின் நிறத்தைக் கொண்டுவர அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவள் காட்டுவாள், இவன் நிறத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்புவான். வேலைக்கும் அது உபயோகமாகத்தான் இருந்தது, அதனால் வர்மா காருவும் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து அறையில் நூகராஜு என்று ஓர் இளைஞன். வருகிற படத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒழுங்குபடுத்தி, கிருபாகருக்குத் தள்ளிவிடுகிறவன். விசாகப்பட்டினத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. அவள் பெயரைக் கேட்டதும் ஆரம்பித்துவிட்டான். “சுவர்ச்சலாவா? ஆஞ்சநேய சாமி பொண்டாட்டி பேருண்ணா அது. பிரம்மச்சாரிக்குக் கட்டிவெச்ச பொண்டாட்டி. உங்களுக்குச் சரியாத்தான் இருக்கு.” கிருபாகர் போய் வேலையைப் பார் என்று விரட்டினான். விரட்டினானே தவிர, அன்று முழுக்க அந்தப் பேச்சு காதில் இனித்துக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு தடவை அவள் நேரில் வந்தாள். இரண்டாவது ஷெட்யூல் முடிந்து வர்மா காரு நிறம் பார்க்க வந்தபோது கூட வந்தாள். அறை வழக்கம்போல இருட்டு. மானிட்டர் வெளிச்சம் மட்டும் அவள் முகத்தின் ஒரு பக்கத்தில் நீலமும் மஞ்சளுமாக மாறிக்கொண்டிருந்தது. வர்மா காரு போன் பேச வெளியே போன சமயத்தில் இருவரும் தனியாக இருந்தார்கள். அவள்தான் பேசினாள். ஒரு நாளாவது படப்பிடிப்புக்கு வரக்கூடாதா, கடைசி ஷெட்யூல் அரக்குப் பள்ளத்தாக்கில், மலையெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டாள். இவன் ஏதோ மென்று முழுங்கினான்.

“என்ன, உங்களப் பொட்டு வெச்சுக் கூப்பிடணுமா?” என்றாள்.

வீட்டு விசேஷத்துக்குப் பெண்களைக் குங்குமச் சிமிழோடு போய்ப் பொட்டு வைத்துத்தான் அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழைத்த கணக்கே இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. ரொம்ப பிகு செய்துகொள்கிற ஆளிடம் கிண்டலாகக் கேட்கிற கேள்வி அது. கிருபாகருக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, “ஆமா, வெச்சாத்தான் வருவேன்” என்று சொல்லிவிட்டான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருட்டில் காதுக்குத்தான் கிடைத்தது, கண்ணுக்குக் கிடைக்கவில்லை. வர்மா காரு உள்ளே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் மனதில் ஒரே ஏக்கம். அவளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். லென்ஸ் இல்லாமல், திரை இல்லாமல், தான் கை வைக்காத நிறத்தில், ஒரு தடவை. இரண்டு இட்லி சாப்பிடுகிற நேரம் கிடைத்தாலும் போதும். அவள் நம்பர் அவனிடம் இருந்தது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்ப்பான், வைத்துவிடுவான். பொட்டு வைத்தால்தான் வருவேன் என்று சொன்ன வாய், தானாகப் போன் செய்து நான் வரட்டுமா என்று எப்படிக் கேட்கும்?

இந்த நேரத்தில்தான் சாஃப்ட்வேரின் புது வெர்ஷன் வந்து இறங்கியது.

கிருபாகருக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. இன்னொரு படம் வெளியீட்டுக்குக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. புது வெர்ஷனில் என்னென்னவோ வசதிகள். ஆளைச் சொன்னால் ஆளை மட்டும் பிரித்து வெளிச்சம் ஏற்றும். முகத்தைக் காட்டினால் படம் முழுக்க அந்த முகத்துக்குப் பின்னாலேயே ஓடும். எல்லாவற்றையும்விட, ஷாட்டில் சார்ட் எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்து, படித்து, நிறத்தைத் திருத்தி வைத்துவிடும். கலரிஸ்டுகளுக்கு வாழைப்பழத்தை உரித்து வாயில் வைத்த மாதிரி. கிருபாகர் ஸ்டூடியோ முதலாளியம்மாவிடம் இரண்டு நாள் வேலையை இனி டீ குடித்து முடிப்பதற்குள் முடிக்கலாம் என்று பெருமையடித்தான். நூகராஜுவைக் கூப்பிட்டு, அரக்கிலிருந்து வருவதை எல்லாம் இதில் போட்டே அனுப்பு என்று சொல்லி, திரையில் இருந்த கட்டங்களில் வரிசையாக அவனே டிக் போட்டான். ‘சார்ட்டைப் படி’ என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே, ‘படித்த பின் வெட்டி ஒதுக்கு’ என்று இன்னொன்று. இரண்டிலும் போட்டான். பாவி, எதில் கை வைக்கிறோம் என்று ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா?

இன்னொரு படத்தை ஒருவழியாக முடித்துவிட்டு அவன் அரக்கு ஷாட்டுகளைத் திறந்தபோது, எல்லாம் நிறம் திருத்தி, பளிச்சென்று, நேராக ‘ஆக்‌ஷ’னில் தொடங்கின. பனி, காப்பித் தோட்டம், மலைச்சரிவு, கதாநாயகி. சார்ட் இல்லை. சுவர்ச்சலா இல்லை.

சார்ட் துண்டைச் சாஃப்ட்வேர் வெட்டிவிடுகிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் மனசு கோணல் வழியில் போய்விட்டால் தெரிந்ததும் தெரியாததாகிவிடும். சார்ட்டைச் சாஃப்ட்வேரே தேடிப் படித்துக்கொள்வதால் யூனிட்டில் இப்போது சும்மா ஓர் அட்டையைத் தூரத்தில் நட்டு வைத்து எடுக்கிறார்களோ, அவள் வேறு வேலைக்குப் போய்விட்டாளோ என்று முதலில் நினைத்தான். பிறகு, இருந்தும் விளையாட்டை நிறுத்திவிட்டாளோ என்று நினைத்தான். தன் திமிர்ப் பேச்சை மனதில் வைத்துக்கொண்டிருப்பாளோ? நூகராஜுவிடம் கேட்கலாம். கேட்டால் அவன் ஒரு வாரத்துக்கு வைத்துச் செய்வான். வர்மா காருவிடம் கேட்கவே முடியாது. ஆக, பேசாமல் இருந்தான். மலையெல்லாம் எப்படி இருக்கும் என்று அவள் சொன்ன மலை திரையில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் பச்சையை இவன் வேண்டா வெறுப்பாகக் கூட்டியும் குறைத்தும் உட்கார்ந்திருந்தான். சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு காலை நேரம் வர்மா காரு போன் செய்தார். முந்தைய நாள் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது, படப்பிடிப்பு முடிந்தது என்றார். கூடவே ஒரு புகார். அந்தச் சார்ட் பிடிக்கிற பெண்ணுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கிற கண்ணாடியில் குங்குமத்தைக் கொண்டுவந்து அப்பிவிட்டாள், நன்றாகத் திட்டிவிட்டேன், துடைத்துத்தான் எடுத்தோம், இருந்தாலும் எந்த ஷாட்டிலாவது கறை தெரிகிறதா பார் என்றார்.

கிருபாகர் போனை வைத்தான். நூகராஜுவின் அறைக்கு ஓடினான்.

“சார்ட் துண்டெல்லாம் எங்க?”

“அதான் சாஃப்ட்வேரே வெட்டிடுதேண்ணா. நீங்கதான டிக் போட்டீங்க.”

“வெட்டி எங்க போடுது?”

கழிவு என்று ஒரு மூலையில் கிடக்கிறது, படம் முடிந்ததும் மொத்தமாக அழித்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன் என்றான் நூகராஜு. கிருபாகரின் முகத்தைப் பார்த்தான். எழுந்து நாற்காலியைக் கொடுத்தான்.

அரக்கின் முதல் நாள். பனிக்கு நடுவில் ஸ்வெட்டரோடு சுவர்ச்சலா நிற்கிறாள். ஒரு கையில் சார்ட், இன்னொரு கையில் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ். சார்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிமிழைத் திறந்து, மோதிர விரலால் தொட்டு, லென்ஸை நோக்கி நடந்து வருகிறாள். முகம் பெரிதாகிப் பெரிதாகி மங்குகிறது. விரல் வருகிறது. திரையின் நடுவில் கலங்கலாக ஒரு சிவப்பு. அதற்குப் பின்னால் அவள் சிரிக்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது. யாரோ கத்துகிற மாதிரி அவள் திரும்பிப் பார்க்கிறாள். துண்டு முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் சிமிழைத் திறந்து காட்டினாள், கண்ணாடியைத் தொடவில்லை. காற்றில் பொட்டு வைத்தாள். மூன்றாம் நாளும் வைத்தாள். வைத்துவிட்டு, வருகிற வழியைப் பார்க்கிற மாதிரி நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் சிமிழ் கையில் இருந்தது, திறக்கவில்லை. அப்புறம் சிமிழே இல்லை. பூசணிக்காய் உடைத்த நாளின் துண்டில் சார்ட்டை நேராகப் பிடித்திருந்தாள். கொஞ்சமும் சாய்வில்லை, அட்டையில் வெளிச்சம் பட்ட பளபளப்பில்லை. கண் லென்ஸைப் பார்க்கவில்லை. இத்தனை மாதத்தில் அவ்வளவு ஒழுங்காக அவள் சார்ட் பிடித்ததே கிடையாது.

கிருபாகர் அந்தத் துண்டை நிறுத்தி வைத்துக்கொண்டு அழுதான். நூகராஜு கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றான்.

போன் செய்ய இந்தத் தடவை யோசிக்கவில்லை. அவள் விசாகப்பட்டினத்தில் இருந்தாள். மும்பையில் பெரிய வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் ரயில், இரண்டு வருஷமாவது அங்கேதான் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் அவனைக் குத்தியது.

“நான் பாக்கல சுவர்ச்சலா காரு. இன்னிக்குத்தான் பாத்தேன். சத்தியமா.”

“அத உங்களத் தவிர யாருங்க பாப்பாங்க? உங்களுக்குத்தான அது?”

“புது சாஃப்ட்வேர் வெட்டிடுச்சு.”

“அதுவாவா வெட்டுச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. “நான்தான் வெட்டச் சொன்னேன். வேலை சீக்கிரம் முடியும்னு.”

அவள், நாளைக் காலையில் அந்த ரயில் செகந்திராபாத்தில் கொஞ்ச நேரம் நிற்கும் என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ரயில் வருவதற்கு எவ்வளவோ முன்னாலேயே கிருபாகர் பிளாட்பாரத்தில் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஓர் உஸ்மானியா பிஸ்கட் பொட்டலம். ரயில் வந்தது. ஸ்லீப்பர் பெட்டி ஒன்றின் வாசலில் அவள் இறங்கினாள். பார்த்தால் தலைக்கு மேலே கூரை, கூரைக்குக் கீழே டியூப் லைட். பச்சை ஏறிய வெளிச்சம். அவன் மேலே பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி மேலே பார்த்தான்.

“எதத் தேடுறீங்க?”

“கொஞ்சம் அங்க வரை வர்றீங்களா? கூரை முடியற எடம் வரைக்கும்.”

ஒன்றும் கேட்காமல் வந்தாள். இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். தள்ளுவண்டிகளையும் படுத்திருந்தவர்களையும் தாண்டிக் கடைசிப் பெட்டிக்கு அப்பால் போனதும் கூரை முடிந்து வெயில் விழுந்தது. தெலங்கானா வெயில், முற்பகல் வெயில், ஈவு இரக்கம் இல்லாதது. கிருபாகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

அவன் ஒரு வருஷமாகத் திரையில் வைத்திருந்த நிறம் அவளுடையது இல்லை. அவள் இன்னும் கருப்பு. மலையில் நின்று நின்று மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. தாடையில் ஒரு பரு வடு. கண்ணுக்குக் கீழே தூங்காத கருமை. சார்ட் சொன்னபடி எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தான், ஆனாலும் இந்த முகத்தை அவன் பார்த்ததே இல்லை. எதையும் கூட்டவோ குறைக்கவோ அவனுக்குக் கை வரவில்லை.

“உங்கள வெயில்ல பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை” என்றான்.

“பாத்தாச்சா?”

“ம்.”

“கலர் சரியா இருக்கா?”

“நான் போட்டதெல்லாம் தப்பு.”

அவள் சிரிக்கப் போனாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ரயில் கூவியது. அவன் அவசர அவசரமாக, இப்போது கூப்பிட்டால் வருவேன், எங்கே வேண்டுமானாலும் வருவேன், ஒரு தடவை கூப்பிடுங்கள் என்றான்.

“சிமிழ் ஆர்ட் டிபார்ட்மெண்ட்டோடதுங்க. திருப்பிக் குடுத்துட்டேன்.”

அவன் முகம் செத்துவிட்டது. அவள் நடக்கத் தொடங்கினாள், இவனும் கூடவே ஓடினான். வாசற்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

“வர்மா காரு யூனிட் முழுக்க வெச்சுத் திட்டினாரு, தெரியுமா? நான் கூப்பிட்டாச்சு கிருபாகர் காரு. மூணு நாள் கூப்பிட்டேன். எங்க வழக்கத்துல பொம்பளைங்களத்தான் பொட்டு வெச்சுக் கூப்பிடணும். இனிமே உங்க முறை.”

“எதுக்குன்னு கூப்பிடறது?”

“அத நீங்கதான யோசிக்கணும்.”

ரயில் நகர்ந்தது. பிஸ்கட் பொட்டலம் இன்னும் தன் கையிலேயே இருக்கிறது என்று அவன் கவனித்தபோது கடைசிப் பெட்டி போய்விட்டது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தவன் யூசுப்குடாவுக்கு ஆட்டோ பிடிக்கவில்லை. ஜெனரல் பஜார் பக்கம் நடந்தான். பூஜைச் சாமான் கடை ஒன்றில் பித்தளைச் சிமிழ் ஒன்றை எடுத்துக்கொண்டான். குங்குமம் என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். கிருபாகர் அதைப் பிரித்து, கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்ததைக் கேட்டான். அதையும் வெயிலில் பார்த்தான். திரையில் கலங்கலாகப் பார்த்த சிவப்பு எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் நெற்றிக்கு, இன்று பார்த்த அந்த நெற்றிக்கு, எது சேரும் என்று மட்டும் பார்த்தான்.

குங்குமம் எல்லாம் ஒரே சிவப்புத்தான், இதற்குப் போய் இத்தனை ஆராய்ச்சியா, வீட்டில் கல்யாணமா என்று கடைக்காரர் கேட்டார்.

“இனிமேதான் கேக்கணும்” என்றான் கிருபாகர்.

அப்போது நூகராஜு போன் செய்தான். முதலாளியம்மா தேடுகிறார், வேலை அப்படியே கிடக்கிறது, எப்போது வருவீர்கள் என்று கேட்டான். குரலை இறக்கி, அந்தக் கழிவை எல்லாம் தனியாக எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டேன், அந்த இரண்டாவது டிக்கையும் எடுத்துவிட்டேன் என்றும் சொன்னான்.

“நல்லது தம்முடு. நாளைக்கு மும்பைக்கு ஒரு டிக்கெட் போடு.”

“சரிண்ணா. இப்ப எங்க இருக்கீங்க?”

கிருபாகர் உள்ளங்கையில் இருந்த குங்குமத்தைப் பார்த்தான். நெற்றியெல்லாம் வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வெயில்ல நிக்கிறேன்” என்றான்.